பிக்கப் வாகனமும் பனிக்கட்டிச் சாலையும்



டிசம்பர் பிறந்துவிட்டது. கிறிஸ்மஸ் கீதப் பவனிகள், இரவு ஜெபக்கூட்டங்கள், ஆண்டிறுதி ஆராதனை என்று நாம் இருட்டிய பின்னும் சாலையில் இருக்கும் காலம் இது. ஆகையால் இவ்வாரச் சிந்தனைக்கு ஒரு வேத அதிகாரத்தை எடுத்து விளக்குவதற்குப் பதிலாக, நம் சபையின் வாகனத் தரிப்பிடத்தில் ஞாயிறுதோறும் வரிசையாய் நிற்கும் பிக்கப் வாகனங்களைக் குறித்து எழுத விரும்புகிறேன். போதகருக்கும் பிக்கப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் இறுதிவரை பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்கப் வாகனம் பனிக்காலத்துக்கென்றே பிறந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் தவறு. அது தருகிற தைரியத்தில் பெரும்பகுதி பொய்யான தைரியம். அந்தப் பொய்த் தைரியத்துக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டுவது அதைவிடப் பெரிய தவறு.

நம்மிடையே ஏன் இத்தனை பிக்கப்புகள் என்பது எல்லாருக்கும் தெரியும். கூரை வேய்கிறவர்கள், சுவர்ப்பலகை பொருத்துகிறவர்கள், நிலம் பதிக்கிறவர்கள், மண்டபங்களுக்கு உணவு கொண்டுசெல்கிறவர்கள், பனிக்காலத்தில் பிறர் வாசல்களில் பனி தள்ளிப் பிழைக்கிறவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. நம் சபையின் நாற்காலிகளும் ஒலிபெருக்கிகளும் இடத்துக்கு இடம் போய்ச் சேருவதும் அவர்களுடைய வாகனங்களில்தான். இந்த வரிகளை அவர்கள்மேல் உள்ள மரியாதையினால் எழுதுகிறேன்.

முதலாவது, வெறுமையான பெட்டியைக் குறித்து. பிக்கப்பின் எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்பக்கத்தில் இருக்கின்றன. பின்பக்கம் சுமை ஏற்றுவதற்கென்று விடப்பட்ட வெற்றிடம். சுமை இல்லாத வேளையில் பின் சக்கரங்களின்மேல் பாரம் குறைவு. பாரம் குறைந்தால் தரையைப் பற்றும் பிடியும் குறையும். பெரும்பாலான பிக்கப்புகளில் சாதாரண ஓட்டத்தின்போது எஞ்சினின் விசை அந்தப் பின் சக்கரங்களுக்கே போகிறது. ஆகவே வளைவிலே சற்றே வேகமாய் ஆக்ஸிலேற்றரை அழுத்தினால், பின்பக்கம் சறுக்கிப் பக்கவாட்டில் வந்துவிடும். சிறிய கார் அமைதியாய்த் திரும்பிச் செல்லும் அதே சந்தியில், வெறும் பெட்டியோடு வரும் பிக்கப் சுழன்று நிற்பது இதனால்தான்.

இரண்டாவது, நாற்சக்கர விசையைக் குறித்து. “என்னுடையது போர் பை போர், பயமில்லை” என்று சொல்லக் கேட்கிறோம். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும்போது வாகனம் புறப்படுவது எளிதாகிறது. மேட்டில் ஏறுவதும், குவிந்த பனியிலிருந்து வெளியே வருவதும் எளிதாகின்றன. ஆனால் நிறுத்துவதற்கு அது உதவாது. நிறுத்தும் வேளையில் எல்லா வாகனங்களும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போடுகின்றன. அங்கே விலை உயர்ந்த பிக்கப்புக்கும் பழைய சிறு காருக்கும் வேறுபாடு ரயரில் மாத்திரமே இருக்கிறது. இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. இரு சக்கர விசையுள்ள வாகனம் வழுக்கும் சாலையில் புறப்படும்போதே சக்கரம் சுழன்று, “கவனம்” என்று நமக்குச் சொல்லிவிடும். நாற்சக்கர விசை அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. தரை எவ்வளவு வழுக்குகிறது என்பதை முதன்முதலாகப் பிரேக் அழுத்தும்போதுதான் ஓட்டுநர் அறிகிறார். அதற்குள் வேகம் கூடிவிட்டிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம், உலர்ந்த சாலையில் முழுப் பிரேக் அழுத்தினால் ஏறத்தாழ 15 மீற்றரில் நிற்கும். இறுகிய பனியின்மேல் அதுவே சுமார் 40 மீற்றராகும். மழமழப்பான பனிக்கட்டியின்மேல் ஏறத்தாழ 100 மீற்றர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. பாடசாலைக்கு முன்னால் ஒரு பிள்ளை சாலையில் இறங்குகிறதென்றால், ஒரு கால்பந்துத் திடலின் நீளத்துக்கு முன்னமே நாம் அதைக் கண்டிருக்கவேண்டும். வேகத்தை 30ஆகக் குறைத்தால், அதே பனிக்கட்டியில் தூரம் சுமார் 35 மீற்றராகச் சுருங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது படைப்பில் எழுதப்பட்ட நியதி. அந்த நியதி ஓட்டுகிறவர் விசுவாசியா அவிசுவாசியா என்று பார்ப்பதில்லை. மேலும், பிக்கப்பின் எடை 2,000 கிலோகிராமுக்குக் குறைவாயிருப்பது அரிது. நிற்காமல் போய் மோதினால், அந்த எடை முழுவதையும் தாங்கவேண்டியவர் எதிரே இருக்கிற அயலான்.

மூன்றாவது, ரயர். நான்கு காலத்துக்கும் பொதுவானது என்று விற்கப்படும் ரயரின் ரப்பர், வெப்பநிலை சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகும்போது இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையைப் பற்றாது. குளிர்கால ரயர் கடுங்குளிரிலும் மென்மையாய் இருக்கும்படி செய்யப்பட்டது. மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள்ளே பனித்துளிப் பூவும் அதன் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அடையாளத்தைப் பார்த்து வாங்குங்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். நம் ஒன்ராறியோவில் அப்படிப் பொதுவான கட்டாயம் இல்லை. சட்டம் கட்டளையிடாத இடத்தில்தான் ஒருவருடைய மனச்சாட்சி வெளிப்படுகிறது என்று நான் நினைக்கிறேன்.

செலவு பெரிது என்பீர்கள். பிக்கப்பின் நான்கு ரயருக்கும் ஆகும் தொகை சிறியதல்ல என்பது உண்மையே. ஆனால் குளிர்கால ரயர் ஓடும் மாதங்களில் மற்ற நான்கும் தேயாமல் இருக்கின்றன. ஆகவே இரண்டு தொகுதிகளும் நீண்டகாலம் உழைக்கின்றன. குளிர்கால ரயர் போடுகிறவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு தரவேண்டும் என்ற விதி ஒன்ராறியோவில் 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது; கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். மிச்சம்பிடிக்க எண்ணிப் பின் சக்கரங்களுக்கு மாத்திரம், அல்லது முன் சக்கரங்களுக்கு மாத்திரம் போடாதிருங்கள். ஒரு முனை பற்றி மறுமுனை வழுக்கினால் வாகனம் சுழலும். ரயரின் பள்ளம் 4 மில்லிமீற்றரளவுக்குத் தேய்ந்திருந்தால் அது பனிச் சாலைக்கு உதவாது. கோடையில் ஓடித் தீரட்டும். குளிர் கூடும்போது ரயருக்குள் காற்றழுத்தமும் குறையும். வெப்பநிலை ஒவ்வொரு ஐந்தாறு பாகை இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்குகிறது. மாதத்துக்கு ஒருமுறையாவது, வாகனம் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள்.

நான்காவது, பெட்டியில் வைக்கும் பாரம். மணல் மூட்டைகளை ஏற்றிக்கொள்வது பழைய வழக்கம், நல்ல வழக்கமுங்கூட. 100 முதல் 150 கிலோகிராம் வரை போதும். உங்கள் வாகனம் எவ்வளவு தாங்கும் என்பதை அதற்குரிய கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர்மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னே வைக்கவேண்டும். பின்கதவோரம் வைத்தால் முன்பக்கம் இலேசாகி, ஸ்ரியரிங் சொற்கேளாது. இறுகக் கட்டவும் வேண்டும். கட்டாத மூட்டை, மோதும் வேளையில் ஓட்டுநரின் முதுகை நோக்கிப் பாயும். பெட்டியில் விழுந்த பனியே பாரமாயிருக்கட்டும் என்று விடாதிருங்கள். அது நெடுஞ்சாலையில் காற்றில் பறந்து பின்னால் வருகிறவரின் கண்ணை மறைக்கும். கூரையின்மேல் உறைந்த பலகை போன்ற பனிக்கட்டியும் அப்படியே. வாகனத்தின் கண்ணாடிகளையும் கூரையையும் விளக்குகளையும் முற்றாய்த் துடைக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் பின்னால் வருகிற முகமறியாத ஒருவருக்கு நாம் செய்யும் ஊழியம்.

ஐந்தாவது, பனிக்கட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது. வெண்பனி கண்ணுக்குத் தெரியும். கரும்பனிக்கட்டி தெரியாது, அது நிறமற்ற மெல்லிய படலம், கீழே உள்ள தாரின் கறுப்பே அதன் நிறம். சாலை ஈரமாய்த் தோன்றியும், முன்னே செல்லும் வாகனத்தின் சக்கரங்கள் நீரைத் தெறிக்காதிருந்தால், அது ஈரமன்று, பனிக்கட்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். பாலங்களும் மேம்பாலங்களும் முதலில் உறையும். ஏனெனில் குளிர்காற்று அவற்றின் மேலும் கீழும் ஓடுகிறது, கீழிருந்து சூடு தரும் மண் அங்கே இல்லை. மரநிழல் விழும் வளைவுகளும், வாகனங்கள் நின்று புறப்படும் சந்திகளும் அடுத்தவை.

கடுங்குளிர் நாளே மிக ஆபத்தானது என்று நினைக்கிறோம். உண்மையில் பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான் பனிக்கட்டி மிகவும் வழுக்கும். அதன் மேற்பரப்பில் அப்போது மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். பகலில் உருகி மாலையில் உறையும் நாட்களில் விழிப்பாயிருங்கள். சாலையில் தூவும் உப்பும் எல்லா நாளும் கைகொடுப்பதில்லை. சுமார் -10 பாகைக்குக் கீழே அதன் வேகம் வெகுவாய்க் குறைந்துவிடுகிறது. உப்பு போட்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் வேகத்தைக் கூட்டவேண்டாம்.

இனி, சாலையில் கைக்கொள்ளவேண்டியவை. பலகையில் எழுதியிருக்கும் வேகம் உலர்ந்த சாலைக்கு உரியது. பனியில் அதை ஓர் உரிமையாகக் கொள்ளாதிருங்கள். முன்னே செல்லும் வாகனம் ஒரு கம்பத்தைக் கடந்தபின், நீங்கள் அதே கம்பத்தை அடைய எட்டு முதல் பத்து விநாடி ஆகவேண்டும். குரூஸ் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். பிரேக், ஸ்ரியரிங், ஆக்ஸிலேற்றர் ஆகிய மூன்றையும் மெதுவாய்க் கையாளுங்கள். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வளைவுக்குள்ளே பிரேக் போடாதிருங்கள். பூட்டாப் பிரேக் அமைப்பு உள்ள வாகனத்தில் அவசரமாய் நிறுத்தவேண்டி வந்தால், பிரேக்கை உறுதியாய் அழுத்தி, அழுத்தியபடியே வைத்திருங்கள். கால் கீழே துடிப்பதும் சத்தம் வருவதும் அதன் இயல்பு. பயந்து காலை எடுக்கவேண்டாம். பின்பக்கம் சறுக்கினால் ஆக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்து, நீங்கள் போகவேண்டிய திசையை நோக்கிப் பார்த்து, அத்திசைக்கே ஸ்ரியரிங்கைத் திருப்புங்கள். மோதப்போகும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கையும் மரத்தை நோக்கியே திரும்பும். கண் போகும் வழியே கை போகும்.

நாற்சக்கர விசையை வைத்திருப்போர் அதை அறிந்து பயன்படுத்துங்கள். சாலை முழுவதும் பனி மூடியிருக்கும்போது 4எச் நிலையில் ஓட்டலாம். உலர்ந்த தாரில் அதே நிலையில் திரும்பினால், முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடவேண்டியிருப்பதால் பொறிகள் ஒன்றையொன்று நெரிக்கும். சில வாகனங்களில் தானாக மாறும் நிலை உண்டு. உலர்ந்த தாரும் பனியும் மாறிமாறி வரும் சாலைக்கு அது ஏற்றது. நீலவிளக்கு மின்னப் பனி அகற்றும் வாகனங்கள் நெடுஞ்சாலையில் படிப்படியாய் அணிவகுத்துச் செல்லும்போது அவற்றை முந்த முயலவேண்டாம். அவற்றுக்குப் பின்னே உள்ள சாலைதான் அன்றைய தினத்தில் இருப்பவற்றுள் நல்ல சாலை.

கீதப் பவனிக்குச் செல்லும் வாலிபருக்கு ஒரு வார்த்தை. ஊரிலே லொறியின் பின்பெட்டியில் நின்று பாடிக்கொண்டு போனதைப் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கே பிக்கப்பின் பெட்டியில் ஒருவரும் ஏறக்கூடாது, ஒரு தெரு தூரத்துக்கும் கூடாது. இருக்கையும் இடுப்புப்பட்டியும் எத்தனையோ அத்தனை பேரே ஏறுங்கள்.

வாகனத்தில் ஒரு மண்வாரி, கனத்த போர்வை, கைவிளக்கு, தண்ணீர், உண்பதற்குச் சிறிது, கைபேசிக்கு மின்னேற்றி ஆகியவற்றை வைத்திருங்கள். பனியில் சிக்கிக்கொண்டால் வாகனத்தைவிட்டு நடந்து போகாதிருங்கள். சூட்டுக்காக எஞ்சினை ஓடவிடுமுன், புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள்; அடைபட்ட குழாயின் நச்சுவாயு உள்ளே வரும், அதற்கு வாசனை இல்லை. மணிக்குப் பத்து நிமிடம் மாத்திரம் ஓடவிட்டு, ஒரு கண்ணாடியைச் சற்றே திறந்து வையுங்கள். 2022ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் வாரத்துப் பனிப்புயலில், எல்லைக்கு அப்பால் பஃபலோ நகரில் சிலர் தங்கள் வாகனங்களுக்குள்ளேயே சிக்கி மரித்தார்கள். அது நமக்குத் தூரதேசமல்ல. நயாகராவுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும் ஊர்.

இதுவரை எழுதியவை அறிவுரைகள். இவற்றை ஒரு போதகன் ஏன் எழுதவேண்டும் என்பதற்கு இப்போது வருகிறேன்.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை இருக்கிறது. புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். ஒருவன் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. பலியையும் பண்டிகையையும் குறித்துப் பேசும் அதே நியாயப்பிரமாணம், மாடிச்சுவரைக் குறித்தும் பேசுகிறது. யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் முட்டும் மாட்டைக் குறித்துச் சொல்கிறது. மாடு முன்னறியாமல் முட்டினால் உரிமையாளன் குற்றமற்றவன். அது முட்டும் மாடு என்று அவனுக்கு அறிவிக்கப்பட்டும் அவன் கட்டிவைக்காதிருந்தால், குற்றம் அவனைச் சேரும். தேய்ந்த ரயரோடும் வெறும் பெட்டியோடும் உறைந்த சாலையில் விரைகிற பிக்கப்பை நான் இந்த வசனங்களின் வெளிச்சத்திலேயே பார்க்கிறேன். அது முட்டும் என்று நமக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது.

“கர்த்தர் காப்பார்” என்கிறோம். காப்பார், சந்தேகமில்லை. நம்மில் பலர் வாகனத்தின் முன்கண்ணாடியருகே 91ஆம் சங்கீதத்தின் ஒரு வசனத்தை ஒட்டி வைத்திருக்கிறோம். நல்லது. தேவாலயத்து உப்பரிகையில் சோதனைக்காரன் நம் ஆண்டவருக்கு எடுத்துக்காட்டியதும் அதே சங்கீதத்தைத்தான் என்பதை மறவாதிருப்போம். தூதர்கள் தாங்குவார்கள், குதித்துவிடு என்றான் அவன். ஆண்டவர் சங்கீதத்தை மறுக்கவில்லை, குதிக்க மறுத்தார். வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வருவது விசுவாசம். அதையே காரணமாக்கிக் குதிப்பது தேவனைப் பரீட்சை பார்ப்பது.

மூத்தவர்கள் சிலர் என்னிடம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. அது இலேசாய்த் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. “ஐயா, ஊரிலே ஷெல் விழுந்த காலத்திலும் நாங்கள் ஆலயத்துக்குப் போனோமே. இங்கே கொஞ்சப் பனிக்குப் பயந்து வீட்டில் இருப்பதா?” என்கிறார்கள். அந்த நாட்களில் ஆலயத்துக்கு நடந்தவர்களுக்கு முன்னே நான் தலைவணங்குகிறேன். ஆயினும் இரண்டையும் ஒப்பிடுமுன் ஒன்றைக் கவனியுங்கள். அன்று ஆபத்து பிறரால் நம்மேல் வந்தது. ஆலயத்துக்கு நடந்து போன தாய் யாருக்கும் ஆபத்தாயிருக்கவில்லை. தன் உயிரை மாத்திரமே தேவன் கையில் வைத்தாள். இங்கே இரண்டாயிரம் கிலோகிராம் இரும்பை உறைந்த சாலையில் ஓட்டுகிறவர், எதிரே வருகிறவருடைய உயிரையும், நடைபாதையில் நிற்கிறவருடைய உயிரையும், அவர்களைக் கேளாமலே பணயம் வைக்கிறார். தன் உயிரைத் துச்சமாய் எண்ணுவது தியாகமாகலாம். அயலான் உயிரைத் துச்சமாய் எண்ணுவதற்கு அந்தப் பெயர் இல்லை.

ஆகையால் இரண்டு காரியங்களை வெளிப்படையாய்ச் சொல்கிறேன்.

ஒன்று, சபைக்கு. 2013 டிசம்பர் 22ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய இரவு முதல் பெய்த உறைமழையால் ரொறன்ரோவில் மரங்கள் முறிந்தன. இலட்சக்கணக்கானோர் மின்சாரம் இழந்தார்கள். பலருக்குக் கிறிஸ்மஸ் நாளும் இருளிலேயே கழிந்தது. அத்தகைய காலை மீண்டும் வரும். உறைமழை அறிவித்தல் இருக்கும் நாளில் ஆராதனையை நிறுத்துவது சபைக்கு அவமானமல்ல என்பதே என் நிலைப்பாடு. மூப்பர்களும் போதகர்களும் அந்தத் தீர்மானத்தை விடியுமுன் எடுத்து எல்லாருக்கும் அறிவிக்கவேண்டும். புறப்பட்டுவிட்டவர்களுக்குப் பத்து மணிக்கு அறிவிப்பதில் பயனில்லை. அறிவிப்பு வராவிட்டாலும், உங்கள் தெரு பாதுகாப்பில்லை என்று கண்டால் வீட்டிலிருந்து குடும்பமாய் ஆராதியுங்கள். அன்று வராதவரை யாரும் விசுவாசத்தில் குறைந்தவராய்ப் பார்க்கக்கூடாது. “நான் வந்தேன், நீங்கள் ஏன் வரவில்லை” என்று கேட்பது ஒருவரை அடுத்த வாரம் பள்ளத்தில் தள்ளக்கூடும்.

மற்றது, நம் சபையிலே பிறருக்கு வேலை கொடுக்கிற சகோதரர்களுக்கு. விடிகாலை ஐந்து மணிக்கு வேலைத்தளத்தில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்று சொல்லும்போது, உங்கள் ஊழியன் எந்த வேகத்தில் வருவான் என்பதை நீங்களே தீர்மானித்துவிடுகிறீர்கள். அவனுக்கு வீட்டு வாடகை இருக்கிறது. ஊரில் பணத்துக்குக் காத்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவன் மறுத்துப் பேசமாட்டான். பனி நாளில் இரண்டு மணி நேரம் தாமதமாய்த் தொடங்குவதால் ஒப்பந்தம் முறிந்துபோகாது. தாமதத்துக்குக் கூலி குறைக்காதிருங்கள். நிறுவனத்தின் பிக்கப்பை அவன் கையில் கொடுக்குமுன், உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல ரயரைக் குனிந்து பாருங்கள். மாடு யாருடையதோ, பொறுப்பும் அவருடையது.

இவ்வளவும் செய்தும் விபத்து நேரலாம். கவனமாய் ஓட்டினவரும் கரும்பனிக்கட்டியில் சறுக்கியிருக்கிறார். கவலையற்று ஓட்டினவரும் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். ஆகவே விபத்துக்குள்ளான ஒருவரைப் பார்த்து, அவர் என்ன பிழை செய்தாரோ என்று ஆராயவேண்டாம். போய்ப் பாருங்கள், உணவு கொண்டுபோங்கள், பிள்ளைகளைப் பாடசாலையில் கொண்டுபோய் விடுங்கள். நம் கடமை நம் கைக்கு எட்டுகிறதைச் செய்வது. எட்டாததையே தேவனிடம் விடுகிறோம். எட்டுகிறதையும் சேர்த்து அவர்மேல் போடுவது பக்தியல்ல, சோம்பல்.

இந்த வாரத்தில் ஒரு மாலை வேளையை இதற்கென்று ஒதுக்குங்கள். ரயரின் பள்ளத்தை அளந்து பாருங்கள். மணல் மூட்டைகளைக் கட்டுங்கள். கண்ணாடித் துடைப்பான்களையும் அவற்றுக்கான திரவத்தையும் பாருங்கள். குளிரில் உறையாத திரவமாயிருக்கட்டும். புறப்படுமுன் 511 சேவையில் சாலை நிலவரத்தையும், கனடாவின் சுற்றுச்சூழல் திணைக்களத்தின் வானிலை அறிவித்தலையும் பார்ப்பதை வீட்டில் வழக்கமாக்குங்கள். புதிதாய் இந்நாட்டுக்கு வந்து இந்த ஆண்டே முதற்பனியைக் காண்கிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அனுபவமுள்ள ஒருவர் அவர்களில் ஒருவரை ஒரு காலியான தரிப்பிடத்துக்கு அழைத்துப்போய், மெதுவான வேகத்தில் பிரேக் அழுத்திச் சறுக்கலை உணரச் செய்தால், அது இந்த ஆண்டில் நீங்கள் கொடுக்கும் கிறிஸ்மஸ் பரிசுகளில் சிறந்ததாயிருக்கும். தரிப்பிடத்துச் சொந்தக்காரரிடம் முன்னே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. உங்கள் வாகனத்தின் எதிரே வருகிறவர்களையும் அவர் காப்பாராக. அந்தக் காவலில் உங்கள் கரமும் உங்கள் காலும் அவருக்குக் கீழ்ப்படிவதாக. ஆமென்.